மேற்படி போட்ட பக்கங்கள்

எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும். பெருமைக்குச் சொல்லவில்லை. நான் சொல்லப்போகும் விஷயத்தில் முதல் குற்றவாளி அந்தக் கோபம்தான் என்பதால் ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன். என் வீட்டில் எல்லோருக்கும் இது தெரியும். ஆபீசில் தெரிவதற்கு ஒரு வெள்ளிக்கிழமை வேண்டியிருந்தது.

நெய்வேலியில் ஒரு காண்ட்ராக்டரிடம் வேலை பார்க்கிறேன். மெயின் பஜாருக்குப் பின்னால், மாடியில் இரண்டு அறை. ஜன்னலைத் திறந்து வைத்தால் மதியத்துக்குள் மேசைமேல் பழுப்பாக ஒரு தூள் படிந்துவிடும், மூடி வைத்தால் வெந்து போவோம். இந்த ஊரில் நிலக்கரிக்கு அடியில் தண்ணீர் முட்டிக்கொண்டு நிற்கிறது. அதை இறைத்துக்கொண்டே இருந்தால்தான் மைன்ஸில் கால் வைக்க முடியும். அதற்கென்றே பம்புகள் நாள் முழுக்க ஓடுகின்றன. ஒவ்வொரு ஷிப்டிலும் ஒருவர் போய்ப் பார்த்து, பம்ப் ஓடுகிறதா, எத்தனை ஆம்பியர் இழுக்கிறது, தண்ணீர் எவ்வளவு ஆழத்தில் நிற்கிறது என்று ஒரு பெரிய புத்தகத்தில் எழுதிக் கையெழுத்துப் போடுவார். அப்படிப் பல வருஷத்துப் புத்தகங்களைக் கம்ப்யூட்டரில் ஏற்றி, ஒரே கோப்பாக்கிக் கொடுப்பதுதான் எங்கள் காண்ட்ராக்டர் எடுத்திருந்த வேலை.

டைப் அடிக்க இரண்டு பேர். ஒருவர் மந்தாரக்குப்பத்துக்காரர், முப்பது வயது, கை மின்னல் மாதிரி ஓடும். இன்னொருவர் வடலூரிலிருந்து பஸ்ஸில் வருகிற ஒரு முஸ்லிம் அக்கா. நாற்பத்தைந்து வயதிருக்கும். கல்யாணத்துக்கு முன்னால் டைப்ரைட்டிங்கில் லோயர், ஹையர் பரீட்சை இரண்டும் பாஸ் செய்தவர். அதற்குப் பிறகு இருபது வருஷத்துக்கு மேல் ஒரு விசையையும் தொட்டதில்லை. வீட்டுக்காரருக்கு வடலூரில் பாத்திரக் கடை, நன்றாகவே ஓடுகிறது. இரண்டு பெண்களையும் கட்டிக்கொடுத்து அனுப்பிய பிறகு, வாழ்க்கையிலேயே முதல் வேலையாக எங்கள் மாடிப்படி ஏறி வந்தார். புத்தகத்தின்மேல் ஒரு ஸ்கேலை வைத்து, ஒரு வரி அடித்து, ஸ்கேலை ஒரு வரி கீழே தள்ளுவார். மந்தாரக்குப்பத்துக்காரர் ஒரு நாளில் முடிப்பதற்கு அவருக்கு இரண்டு நாள் ஆகும்.

அவர்கள் அடித்ததை எடுத்து, சரிபார்த்து, கோப்பாகச் சேர்க்கிற புரோகிராம் எழுதுவது என் வேலை. இரண்டு பேரிடமும் நான் முதல் நாளே கண்டிப்பாகச் சொன்னது ஒன்றுதான். புத்தகத்தில் என்ன இருக்கிறதோ அதை அப்படியே அடிக்க வேண்டும், சொந்தப் புத்தியைக் காட்டக் கூடாது.

இங்கே மேற்படியைப் பற்றிச் சொல்ல வேண்டும். ஷிப்ட் புத்தகத்தில் காலி இடம் விடக் கூடாது என்பது இந்த ஊர்க்காரர்களுக்குத் தாய்ப்பாலோடு புகட்டப்பட்டது. காலி இடம் விட்டால் ஆடிட்டில் யாராவது விரலை வைத்துக் கேட்பார்கள். ஒரு பம்பை நிறுத்தி, அவசரத்துக்கு இருக்கட்டும் என்று ஸ்டாண்ட்பையில் வைத்துவிட்டார்கள் என்று வையுங்கள். நிறுத்திய அன்று எழுதுவார்கள், ‘ஓடவில்லை, ஸ்டாண்ட்பை’ என்று. அடுத்த ஷிப்ட்காரர் ‘மே.படி’ என்று போட்டுக் கையெழுத்திடுவார். அதற்கடுத்தவரும் மே.படி. இப்படியே மாதக் கணக்கில், சில பம்புகளுக்கு வருஷத்தைத் தாண்டியும் போகும். என் அப்பாவும் பம்ப் ஷிப்டில் இருந்து ரிட்டயர் ஆனவர்தான். வீட்டுக் காலண்டரில் மழை பெய்த நாளைக் குறிக்கும்போதுகூட அடுத்த நாளுக்கு மே.படி போடுகிற ஆள். அவர் பெண்ணாகிய நான் மேற்படியை மதிக்காமல் இருக்க முடியுமா? போதாக்குறைக்குக் கோப்பு கேட்ட மைன்ஸ் அதிகாரியும் சொல்லியிருந்தார், எந்த அளவு நேரில் பார்த்து எழுதியது, எது மேலே இருந்ததைத் தொடர்ந்தது என்று பிரித்துத் தெரிய வேண்டும் என்று.

எனவே நான் ஒரு கெட்டிக்காரத்தனம் செய்தேன். பைத்தான் என்ற கம்ப்யூட்டர் மொழியில் அட்டவணைகளைக் கையாள ஒரு கட்டமைப்பு இருக்கிறது. கட்டத்துக்குள் எண், எழுத்து, தேதி என்று எதையும் வைக்கலாம். நாமே செய்த பொருள் ஒன்றையும் வைக்கலாம். நான் ஒவ்வொரு ஷிப்டுக்கும் ஒரு பொட்டலம் கட்டினேன். பொட்டலத்துக்குள் ஆம்பியர், தண்ணீர் மட்டம், கையெழுத்துக்காரர் எல்லாம் இருக்கும். புத்தகத்தில் மேற்படி என்று இருந்தால், அந்தப் பொட்டலத்துக்குள் அளவு எதுவும் இருக்காது. ‘மேலே இருப்பவனைக் கேள்’ என்று மேல் வரிப் பொட்டலத்தையே உள்ளே வைத்திருப்பேன். புத்தகம் எப்படியோ புரோகிராமும் அப்படியே. நானே என் முதுகில் தட்டிக்கொண்டேன்.

ஒரு புத்தகத்தில் ஒரு மாதத்தை மட்டும் ஏற்றிப் பார்த்தேன், ஜோராக ஓடியது. எல்லாப் புத்தகத்தையும் சேர்த்துக் கோப்பாகச் சேமிக்கச் சொன்னேன், புட்டுக்கொண்டது. ஏதோ ஆழம் எல்லை மீறிவிட்டது என்று சிவப்பாக ஒரு செய்தி வந்தது. எனக்குப் பொறுமையா இருக்கிறது? இணையத்தில் தேடினேன். யாரோ ஒரு புண்ணியவான், எல்லையை உயர்த்தி வைத்தால் சரியாகும் என்று எழுதியிருந்தார். ஒரே வரிதான். உயர்த்தினேன். அடுத்த முறை சிவப்புச் செய்தி வரவில்லை. திரையில் இருந்த ஜன்னலே ஒரு வார்த்தை சொல்லாமல் மூடிக்கொண்டது. அபாயச் சங்கு ஊதுகிறதே என்று சங்கைக் கழற்றி வைத்தவள் நான். அதைக் கழற்றி வைத்ததையும் அரை மணி நேரத்தில் மறந்துபோனேன்.

மூன்று நாள் அதோடு மல்லுக்கு நின்றேன். கட்டமைப்பின் பழைய பதிப்பைப் போட்டேன், புதிய பதிப்பைப் போட்டேன், கம்ப்யூட்டருக்கு நினைவகம் போதவில்லை என்று காண்ட்ராக்டரிடம் சண்டை போட்டு ஒரு நினைவக அட்டை வாங்கிச் செருகினேன். ஒன்றும் நடக்கவில்லை. திங்கட்கிழமை காலை கோப்பு போயாக வேண்டும். வெள்ளிக்கிழமைதான் மொத்தத்தையும் பாதி பாதியாக வெட்டிப் பார்க்கலாம் என்று தோன்றியது. மேல் பாதி சேமிப்பாயிற்று, கீழ்ப் பாதி விழுந்தது. கீழ்ப் பாதியை மறுபடி வெட்டினேன். இப்படி வெட்டிக்கொண்டே போனால், விழுகிற துண்டு எல்லாம் வடலூர் அக்கா அடித்த புத்தகங்களாகவே இருந்தன. மந்தாரக்குப்பத்துக்காரர் அடித்ததில் ஒன்றுகூட விழவில்லை.

அப்போது மணி நாலு. டீ கொண்டுவருகிற அம்மா படியேறி வந்து டம்ளர்களை வைத்துக்கொண்டிருந்தார். காண்ட்ராக்டர் அவர் மேசையில் இருந்தார். நான் நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்தேன்.

“அக்கா, நீங்க அடிச்ச புக்கு மட்டும்தான் எல்லாத்தையும் கவுக்குது. என்னதான் அடிச்சு வச்சிருக்கீங்க இதுல? மூணு நாளா என் உயிர் போவுது.”

அவர் ஸ்கேலைப் பிடித்தபடி என்னை நிமிர்ந்து பார்த்தார். புத்தகத்தில் இருந்ததைத்தான் அடித்தேன் என்று மெதுவாகச் சொன்னார். எல்லோரும் அப்படித்தான் சொல்வார்கள் என்றேன் நான். இருபது வருஷம் கையை விட்டவர்களைக் கொண்டுவந்து உட்கார வைத்தால் இப்படித்தான் ஆகும் என்றும் சொன்னேன். இதை எழுதும்போது கை கூசுகிறது, ஆனால் சொன்னேன். காண்ட்ராக்டர் எழுந்து வந்து திரையைப் பார்த்தார். அவருக்கு அதில் ஒன்றும் புரியாது. எனக்குப் புரியும் என்று அவர் நம்பினார். திங்கட்கிழமையிலிருந்து வேறு ஒரு பெண்ணை வரச்சொல்லிவிடுகிறேன், இந்த அம்மா நாளையோடு நின்றுகொள்ளட்டும் என்றார். அக்கா டீயை அப்படியே வைத்துவிட்டு ஐந்து மணி பஸ்ஸுக்குப் போய்விட்டார்.

சனிக்கிழமை நான் ஒன்பதே காலுக்குப் போனபோது மந்தாரக்குப்பத்துக்காரர் ஆபீசைத் திறந்திருந்தார், அக்காவும் வந்து உட்கார்ந்திருந்தார். அக்காவுக்கு முன்னால் அவர் அடித்த புத்தகங்கள் அடுக்கி இருந்தன. வணக்கம்கூடச் சொல்லவில்லை.

“எந்த வரில தப்பு பண்ணேன்னு ஒண்ணே ஒண்ணு காட்டுங்க மேடம். பாத்துட்டு நானே போய்ட்றேன்.”

எனக்கு எரிச்சல்தான் வந்தது. இருக்கிற வேலை போதாதென்று இது வேறா என்று நினைத்தேன். ஆனால் மறுக்க வழியில்லை, நியாயம் அவர் பக்கம் இருந்தது. சரி, நீங்கள் படியுங்கள், நான் திரையில் பார்க்கிறேன், முதல் தப்பிலேயே பிடித்துவிடலாம் என்று வீராப்பாகச் சொல்லி, மிக மோசமாக விழுந்த புத்தகத்தை எடுத்தேன்.

அவர் ஸ்கேலை வைத்துப் படிக்க ஆரம்பித்தார். தேதி, ஷிப்ட், ஓடவில்லை, ஸ்டாண்ட்பை, தண்ணீர் மட்டம். திரையில் எல்லாம் அப்படியே இருந்தது. அடுத்த வரி மேற்படி. அடுத்ததும் மேற்படி. பக்கத்தைத் திருப்பினார். மேற்படி, மேற்படி, மேற்படி. அவர் குரலில் கோபமும் இல்லை, அழுகையும் இல்லை. பள்ளிக்கூடத்தில் ஆஜர் எடுப்பது போலப் படித்துக்கொண்டே போனார். பத்துப் பக்கம் போயிற்று. இருபது பக்கம் போயிற்று. மந்தாரக்குப்பத்துக்காரர் அடிப்பதை நிறுத்திவிட்டுக் காதைக் கொடுத்திருந்தார். ஒரு தப்புகூட அகப்படவில்லை. அக்காவுக்குத் தொண்டை கட்டிப்போய், பாட்டிலைத் திறந்து ஒரு வாய் தண்ணீர் குடித்தார்.

போதும் அக்கா, மிச்சத்தைத் தாண்டிக் கடைசிப் பக்கத்துக்குப் போங்கள் என்றேன். அவர் புத்தகத்தின் பின்னட்டையிலிருந்து ஒரு துண்டுச் சீட்டை எடுத்தார். காலண்டர் தாளின் பின்பக்கம். பென்சிலில் இரண்டு வரிசையாக எழுதியிருந்தது, மேற்படி எந்தப் பக்கத்தில் எந்த வரியில் ஆரம்பிக்கிறது, எங்கே முடிகிறது என்று. ஒவ்வொரு புத்தகத்துக்குள்ளும் இப்படி ஒரு சீட்டு இருந்தது. எதற்கு இது என்று கேட்டேன்.

“நடுவுல எழுந்து போயிட்டு வந்து உக்காந்தா, எதுக்கு மேற்படி போட்டாங்கன்னு மறந்துபூடும் மேடம். ஒவ்வொரு வரியா மேல ஏறிகினே போய்ப் பாக்க முடியுமா? அதான் ஆரம்பத்த மட்டும் குறிச்சி வச்சிக்குவேன். உங்க மெஷினு எப்படிங்க பண்ணுது, ஒவ்வொண்ணா மேல ஏறித்தான் போவுதா?”

கேலியாகக் கேட்கவில்லை. நிஜமாகவே தெரிந்துகொள்ளத்தான் கேட்டார். நான் திரைப் பக்கம் திரும்பினேன்.

ஆமாம், அப்படித்தான் போகிறது. ஒரு பொட்டலத்தைக் கோப்பில் எழுத வேண்டுமென்றால் அதற்குள் இருப்பதை முதலில் எழுத வேண்டும். உள்ளே இருப்பது மேல் வரிப் பொட்டலம். அதைப் பிரித்தால் அதற்குள் அதற்கு மேல் வரிப் பொட்டலம். ஒன்றையும் முடிக்க முடியாமல், பாதி பிரித்த பொட்டலங்களை எல்லாம் மேசைமேல் பரப்பிக்கொண்டே போகிறது கம்ப்யூட்டர். பத்து இருபது என்றால் சமாளிக்கும். ஒரு வருஷத்து மூன்று ஷிப்டும் மேற்படி என்றால் மேசை நிறைந்து சரிந்துவிடும். ஆழம் மீறிவிட்டது என்று முதல் நாளே அது என்னிடம் சொன்னது இதைத்தான். எல்லையை உயர்த்தி அதன் வாயை நான்தான் கட்டினேன்.

நம்பிக்கை வராமல் சோதித்துப் பார்த்தேன். அதே புத்தகத்தில் நூறு மேற்படியோடு வெட்டிச் சேமிக்கச் சொன்னேன், சேமித்தது. கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டிக்கொண்டே போனேன். ஓரிடத்தில் திரை ஜன்னல் படக்கென்று மூடியது. மறுபடி குறைத்தேன், சேமித்தது. ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம். நானோ கூடத்தைப் பெருக்கிச் சுத்தமாக வைத்திருந்தவரையே கோணல் என்று சொல்லியிருக்கிறேன்.

அப்படியென்றால் மந்தாரக்குப்பத்துக்காரர் அடித்தது ஏன் விழவில்லை? எழுந்து போய் அவர் அடித்த புத்தகம் ஒன்றைத் திறந்தேன். அதிலும் பக்கம் பக்கமாக மேற்படிதான். திரையில் பார்த்தால் ஒரு மேற்படியும் இல்லை, எல்லாக் கட்டத்திலும் எண்கள். மேல் எண்ணைக் காப்பி செய்து கீழே இழுத்துவிட்டிருக்கிறார். எதற்குச் சும்மா அதையே அடிப்பது என்று இழுத்துவிட்டேன், ரெண்டும் ஒன்றுதானே என்றார், கொஞ்சம் அசட்டுச் சிரிப்போடு. ரெண்டும் ஒன்றில்லை. ஸ்டாண்ட்பையில் கிடந்த பம்புக்கு யாரோ வருஷம் முழுக்க ஷிப்டுக்கு ஷிப்ட் தண்ணீர் மட்டம் அளந்தது போல ஆகியிருந்தது அந்தக் கோப்பு. ஓடிய புத்தகங்கள்தான் தப்பு. விழுந்த புத்தகங்கள்தான் சரி. நான் சொன்ன சொல்லை அட்சரம் பிசகாமல் கேட்ட ஒரே ஆளை நான் வேலையை விட்டு அனுப்ப இருந்தேன்.

திருத்துவதற்கு ஒரு மணி நேரம்கூட ஆகவில்லை. மேற்படிப் பொட்டலத்துக்குள் இன்னொரு பொட்டலத்தை வைப்பதை எடுத்துவிட்டேன். அதற்குப் பதிலாக, அக்காவின் சீட்டில் இருப்பது போலவே, எந்த வரியில் ஆரம்பித்தது என்ற எண்ணை மட்டும் வைத்தேன். ஆயிரம் மேற்படி இருந்தாலும் ஒவ்வொன்றும் நேராக ஆரம்ப வரிக்கே கையைக் காட்டும், ஏணி கிடையாது. உயர்த்திய எல்லையைப் பழைய இடத்துக்கே இறக்கினேன். சேமிக்கச் சொன்னேன். தடங்கலே இல்லாமல் சேமிப்பாகிப் போயிற்று. மூடிவிட்டு மறுபடி திறந்தேன். அவர் சீட்டுகளை ஒவ்வொன்றாக வாசிக்க, நான் ஒப்பிட்டேன். எல்லாம் ஒத்துப்போயிற்று.

நாற்காலியை அவர் பக்கம் திருப்பினேன். தப்பு என்னுடையதுதான் அக்கா, என்னை மன்னித்துவிடுங்கள், இப்போதே சாருக்குப் போன் போட்டுச் சொல்லிவிடுகிறேன் என்று கைபேசியை எடுத்தேன். அவர் கையை நீட்டித் தடுத்தார்.

“போன்ல வேணாங்க. நேத்து எல்லாரும் இருக்கும்போதுதான சொன்னீங்க. இன்னிக்கும் எல்லாரும் இருக்கும்போதே சொல்லிடுங்க.”

அடுத்து நாலு மணி வரைக்கும் ஓடிய நேரம் மாதிரி மெதுவான நேரத்தை நான் பார்த்ததில்லை. காண்ட்ராக்டர் வந்தார். டீ அம்மா வந்து டம்ளர்களை வைத்தார். நான் எழுந்து நின்றேன். முந்தின நாள் எவ்வளவு சத்தமாகப் பேசினேனோ அவ்வளவு சத்தம் தொண்டையிலிருந்து வரவில்லை, ஆனால் எல்லோருக்கும் கேட்டது.

“சார், இவங்க அடிச்சதுல ஒரு தப்பும் இல்ல. தப்பு என் புரோகிராம்ல. நேத்து நான் இவங்களச் சொன்னது அத்தனையும் அநியாயம். யாராவது நிக்கணும்னா நான்தான் நிக்கணும்.”

காண்ட்ராக்டர் டீயை ஒரு உறிஞ்சு உறிஞ்சிவிட்டு, கோப்பு ரெடியா என்று கேட்டார். பாதி ரெடி, மிச்சப் பாதியில் மேற்படிகளை மறுபடி சரியாக அடிக்க வேண்டும் என்றேன். எந்தப் பாதி என்று கேட்டார். மந்தாரக்குப்பத்துக்காரர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். திங்கட்கிழமைக்கு வேறு ஒரு பெண்ணுக்கு வாக்குக் கொடுத்துவிட்டேனே என்று காண்ட்ராக்டர் இழுத்தார். அந்தப் பெண்ணும் வரட்டும், திருப்பி அடிக்கிற வேலை இரண்டு பேருக்கும் இருக்கிறது, அதை எப்படி அடிப்பது என்று அக்காதான் மற்றவர்களுக்குக் காட்ட வேண்டும் என்று நான் சூடாகவே, விடாமல் சொன்னேன். கோப்பு கேட்ட அதிகாரிக்கு நானே போன் போட்டு ஒரு வாரம் தவணை வாங்கித் தருகிறேன் என்றும் சொன்னேன். காண்ட்ராக்டர் தலையைச் சொறிந்தார். கடைசியில் சரி, அந்தம்மா இருக்கட்டும் என்றார். என் கோபம் அன்றைக்கு ஒரு தடவையாவது உருப்படியாகப் பயன்பட்டது.

அந்த அக்கா சனிக்கிழமை காலையில் பஸ் ஏறி வராமல் இருந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று அடிக்கடி நினைத்துப் பார்க்கிறேன். அவர் அடித்த மேற்படிகளையும் எண்களாக மாற்றிவிட்டிருப்பேன். கோப்பு சேமிப்பாகியிருக்கும். தப்பான கோப்பு ஒழுங்காக ஓடி, எல்லோரும் எனக்கு சபாஷ் போட்டிருப்பார்கள். டைப் அடிக்கத் தெரியாத ஒருத்தரால் மூன்று நாள் வீணாயிற்று என்று நான் இன்று வரைக்கும் எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருப்பேன், அதை நம்பிக்கொண்டும் இருப்பேன். அவமானப்படுத்தியவள் முன்னாலேயே வந்து உட்கார்ந்து, தொண்டை கட்டும் வரைக்கும் படித்து, என்னை அந்தப் பொய்யிலிருந்து வெளியே இழுத்துப் போட்டவர் அவர். அதற்கு நான் பட்டிருக்கும் நன்றிக் கடன் இந்த ஜென்மத்தில் தீராது.

அன்று ஐந்து மணிக்கு அவரோடு நானும் பஸ் நிறுத்தம் வரைக்கும் நடந்தேன். அவர் கூப்பிடவில்லை, நானாகத்தான் போனேன். வேலை போயிருந்தால் வீட்டில் ரொம்பத் திட்டியிருப்பார்களா அக்கா என்று கேட்டேன். ஏதாவது பேச வேண்டுமே என்றுதான் கேட்டேன். அவர் இல்லை என்று தலையசைத்தார்.

“ஒரு வார்த்த திட்டமாட்டாங்க மேடம். ‘சரி வுடு, வூட்லயே இரு’ன்னு சிரிச்சிகினே சொல்லுவாங்க. அதக் கேக்க முடியாதுன்னுதான் இன்னிக்கு வந்தேன்.”

வடலூர் பஸ் வந்தது. அவர் முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு ஏறினார். என்னை மன்னித்துவிட்டதாக அவர் அன்றும் சொல்லவில்லை, பிறகும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. திங்கட்கிழமை காலையில் நான் சாவியோடு போனபோது, எனக்கு முன்னாலேயே வந்து, பூட்டிய கதவுக்கு முன்னால் படியில் உட்கார்ந்திருந்தார்.